மேல் தாடையில் வலியில்லாத வீக்கம்: எல்லாமே பல் சீழ்தானா?

மூக்கோரத்திலோ மேலண்ணத்திலோ வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சூத்தைப் பல்லால் வருபவை. ஆனால், பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத சில அரிய நீர்க்கட்டிகளும் இருக்கின்றன. அவற்றைப் பல் சீழ் என்று நினைத்துச் சிகிச்சை செய்தால், நல்ல பல் போய்விடும். கட்டி அப்படியே இருக்கும். இவற்றை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எப்படிச் சிகிச்சை தருகிறார்கள்?

மேல் உதட்டுக்கு மேலே, மூக்கின் ஓரத்தில் ஒரு சின்ன வீக்கம். தொட்டால் மெத்தென்று இருக்கிறது, வலி இல்லை. வீட்டில் காட்டினால் என்ன சொல்வார்கள்? "சூத்தைப் பல்லா இருக்கும், போய் புடுங்கிட்டு வா." கொஞ்சம் பொறுமையானவர்கள், "வலிக்கலதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள்.

முதலாவது ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஏனென்றால், தாடைக்குள் வளரும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. கிருமித் தொற்று ஏற்பட்ட பிறகோ, எலும்பு நன்றாகக் கரைந்த பிறகோதான் வலி தெரியும்.

நீர்க்கட்டி என்றால் என்ன? அது ஏன் தாடையில் வருகிறது?

நீர்க்கட்டி என்பது ஒரு பை. உள்ளே திரவமோ, பிசுபிசுப்பான பொருளோ இருக்கும். பையின் உள்சுவரை மெல்லிய செல் அடுக்கு ஒன்று மூடியிருக்கும். அரசு மருத்துவமனை அறிக்கையில் மலாயில் 'சிஸ்தா' என்று எழுதியிருந்தால், அது இதுதான்.

உடலிலுள்ள மற்ற எலும்புகளைவிடத் தாடை எலும்பில்தான் நீர்க்கட்டிகள் அதிகம் வருகின்றன. காரணம், பற்கள். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது வேலை செய்த செல்களில் சில, வேலை முடிந்த பிறகும் எலும்புக்குள் அங்கங்கே தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் சும்மா இருக்கும் இவை, ஏதோ ஒரு தூண்டுதலால் மறுபடி வளரத் தொடங்கினால் ஒரு பை உருவாகிறது. பைக்குள் திரவம் சேரச் சேர அழுத்தம் கூடும். சுற்றியுள்ள எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து இடம் விடும்.

மேல் தாடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே மூக்கும் பக்கத்தில் சைனஸ் அறையும் காற்று நிறைந்த வெற்றிடங்கள். கட்டி அந்தப் பக்கம் வளர்ந்தால், முகத்தில் வீக்கம் தெரியவே நாளாகும்.

அடிக்கடி வருபவை எவை?

தாடை நீர்க்கட்டிகளில் பாதிக்கும் மேல், பல் வேரின் நுனியில் வருபவை. சூத்தை விழுந்தோ அடிபட்டோ பல்லின் நரம்பு செத்துவிடும். அந்தத் தொற்று வேர் நுனிக்கு இறங்கி, அங்கே கட்டியாக மாறும். ரூட் கெனால் சிகிச்சையோ, பல்லை எடுப்பதோ, தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சையோ இதைத் தீர்த்துவிடும்.

அடுத்தது, வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்ட பல்லின் தலையைச் சுற்றி வளரும் கட்டி. மேல் தாடையில் இது பெரும்பாலும் கோரைப் பல்லையோ ஞானப் பல்லையோ சுற்றி வரும். பிரேசஸ் போடுவதற்கு முன் எடுக்கும் எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

அரிய வகைகள் எவை?

*முன்பற்களுக்குப் பின்னால் வரும் கட்டி:* மேல் தாடையின் நடு முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால், மேலண்ணத்தில் நாக்கால் தொட்டால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதற்கு அடியில் நரம்பும் ரத்தக் குழாயும் போகும் ஒரு கால்வாய் இருக்கிறது. கரு வளரும் காலத்தில் மூக்கையும் வாயையும் இணைத்த குழாயின் மிச்சம் இந்தக் கால்வாய்க்குள் தங்கி, பிறகு கட்டியாகலாம். பல்லோடு தொடர்பில்லாத தாடைக் கட்டிகளில் இதுதான் அதிகம் காணப்படுகிறது. நடுவயதினரிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் சற்றுக் கூடுதல். சிலருக்கு வாயில் திடீரென்று உப்புக் கரிக்கும். கட்டியிலிருந்து கசியும் திரவத்தின் சுவை அது.

*மூக்கும் உதடும் சேரும் இடத்தில் வரும் கட்டி:* இது எலும்புக்குள் வருவதில்லை. எலும்புக்கு வெளியே, கன்னத்தின் மென்மையான சதைக்குள் வளர்கிறது. 1882-ல் சக்கர்கண்டல் என்ற ஆஸ்திரிய உடற்கூறியல் நிபுணர் இதை முதலில் விவரித்தார். மூக்கின் ஓரம் மேலே தூக்கியதுபோல் தெரியும். சிரிக்கும்போது மூக்கிலிருந்து உதட்டோரம் வரை விழும் மடிப்பு மறைந்துபோகும். சிலருக்கு மூக்கடைப்பு வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல் அதிகமாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் 40, 50 வயதுகளில். எலும்புக்கு வெளியே இருப்பதால் சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாமல் போகலாம்.

*பழைய அறுவை சிகிச்சையின் மிச்சமாக வரும் கட்டி:* சைனஸ் அறையைத் திறந்து செய்த அறுவை சிகிச்சைக்குப் பின், அதன் உள்சவ்வில் ஒரு துண்டு எலும்புக்குள் சிக்கிக்கொண்டால், 10, 20 ஆண்டுகள் கழித்துக்கூட அது கட்டியாக வளரும். ஜப்பானில் இவ்வகைக் கட்டிகள் அதிகம் பதிவாகியுள்ளன. சைனஸ் தொற்றுக்கு அந்த அறுவை சிகிச்சை அங்கே ஒரு காலத்தில் பரவலாகச் செய்யப்பட்டது. இப்போது தாடையை நகர்த்திச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பல் இம்பிளான்ட்டுக்காகச் சைனஸ் பகுதியில் எலும்பு சேர்த்த பிறகும் அரிதாக வருகிறது. அதனால், "முன்பு முகத்தில் ஆப்பரேஷன் செய்திருக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், பழைய கதைதானே என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

*திரும்பத் திரும்ப வரும் கட்டி:* கெரட்டோசிஸ்ட் என்று அழைக்கப்படும் இது, கீழ்த் தாடையில்தான் அதிகம். மேல் தாடையில் குறைவு என்றாலும், வந்தால் தொல்லை அதிகம். பையின் உள்ளே கெரட்டின் என்ற வெள்ளைப் பொருள், பாலாடைக்கட்டி போலத் திரண்டிருக்கும். எலும்பை வெளிப்பக்கம் தள்ளாமல், எலும்பின் நீளவாக்கில் உள்ளேயே பரவும். எனவே வீக்கமே இல்லாமல் பெரிதாகிவிடும்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதல் கேள்வி மிக எளிமையானது: அந்த இடத்தில் இருக்கும் பல் உயிரோடு இருக்கிறதா?

இதைச் சோதிக்க, நன்றாகக் குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைப்பார்கள். அல்லது ஒரு கருவியால் மிக லேசான மின்சாரத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். பல் கூசினால் நரம்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நரம்பு செத்த பல் என்றால் வேர் நுனிக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். சுற்றியுள்ள பற்கள் எல்லாம் உயிரோடு இருந்தும் எக்ஸ்ரேயில் கருமையான ஓட்டை தெரிந்தால், காரணம் பல் அல்ல. அங்கே ரூட் கெனால் செய்வதில் பயன் இல்லை. சில நிமிடச் சோதனைதான். அதைச் செய்யாமல் விட்டதால் நல்ல முன்பற்களுக்கு ரூட் கெனால் செய்யப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கின்றன.

இரண்டாவது, படம். முகத்தைச் சுற்றி எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும். ஆனால், முன்பல் பகுதியில் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து படம் மங்கலாகும். எனவே அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்பற்களுக்குப் பின்னால் வரும் கட்டி சில நேரங்களில் இதய வடிவத்தில் தெரியும். மூக்கின் அடியிலுள்ள எலும்பு முனையின் நிழல் மேலே விழுவதால்தான் அந்த வடிவம். கால்வாயின் அகலம் 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, வேறு அறிகுறியும் இல்லையென்றால், அதைப் பொதுவாக இயல்பான அளவு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன். வழக்கமான சிடி ஸ்கேனைவிடப் பொதுவாகக் குறைந்த கதிர்வீச்சில், கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, சைனஸைத் தொடுகிறதா, எந்தப் பல்லின் வேர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் காட்டிவிடும். சதைக்குள் இருக்கும் கட்டி என்றால் எம்ஆர்ஐ இன்னும் தெளிவாகக் காட்டும்.

மூன்றாவது, ஊசி. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத் திரவம் வந்தால் ஒரு திசை; வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட் சந்தேகம்; ரத்தமாகக் கொட்டினால், அது ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்பதால் அங்கேயே நிறுத்திவிட்டு மேல் பரிசோதனைக்குப் போவார்கள்.

கடைசியும் முக்கியமானதும் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி. எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஓட்டைகளில் ஒன்று சாதாரண நீர்க்கட்டியாகவும், மற்றது அமெலோபிளாஸ்டோமா போன்ற தாடைக் கட்டியாகவும் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்த்தால்தான் வித்தியாசம் உறுதியாகும். 'பயாப்ஸி' என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை. அகற்றிய கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறைதான். அனுப்பாமல் விடுவதுதான் தவறு.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. பெயர்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

கெரட்டோசிஸ்ட்டுக்கு அந்தப் பெயர் கிடைத்தது 1956-ல். திரும்பத் திரும்ப வருவதையும், அதில் காணப்பட்ட மரபணு மாற்றங்களையும் பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அதைக் கட்டி வகையிலிருந்து எடுத்து டியூமர் பட்டியலில் சேர்த்தது. 2017-ல், போதுமான ஆதாரம் இல்லை என்று மறுபடியும் நீர்க்கட்டிப் பட்டியலுக்கே கொண்டுவந்தது. பழைய அறிக்கையில் 'டியூமர்' என்றும் புதியதில் 'சிஸ்ட்' என்றும் இருந்தால், குழம்ப வேண்டாம். மாறியது பெயர்தான்.

அதே 2017 பட்டியலில், கெரட்டோசிஸ்ட்டைப் போலவே தோன்றினாலும் உள்சுவரின் அமைப்பில் வேறுபடும் இன்னொரு வகை தனிக் கட்டியாக அங்கீகரிக்கப்பட்டது. இந்த வகை அகற்றிய பிறகு திரும்ப வருவது மிகக் குறைவு. இந்தக் கதையில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மலேசியர்களிடம் காணப்பட்ட இந்த வகையைப் பற்றி சியார் சோங் ஹுவாட், இங் கோக் ஹான் ஆகிய இரு வாய் நோயியல் ஆய்வாளர்கள் 1988-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள்.

இன்னொரு அரிய கட்டியின் வரலாற்றில் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர் ஒன்று வருகிறது. பல் சார்ந்த கட்டிதான், ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற அமைப்புடன் இருக்கும். 1987-ல் இதை முதலில் விவரித்தவர்கள் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஏ. படையாச்சியும் சி. டபிள்யூ. வான் வைக்கும். படையாச்சி என்பது தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடையே பரவலான குடும்பப் பெயர். மைக்ராஸ்கோப்பில் இந்தக் கட்டியும் ஒரு வகை உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியக்கூடும். பிரித்தறிய முடியாதபோது மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். ஒன்றுக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கண்காணித்தால் போதும். மற்றதற்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

என்ன சிகிச்சை?

அடிப்படையில் இரண்டு வழிகள்.

*முழுதாக எடுப்பது.* ஈறைத் திறந்து, பையை ஓட்டோடு பிரித்து எடுத்துவிடுவார்கள். சிறிய கட்டி என்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். பெரியது என்றால் முழு மயக்கம். காலியான இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு மாதக்கணக்கில் புதிய எலும்பு வளர்ந்து நிரப்பும். மூக்கோரக் கட்டியை மேல் உதட்டின் உள்பக்கம் வழியாக எடுப்பதால் முகத்தில் தழும்பு விழாது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, கட்டியை மூக்குக்குள் திறந்துவிடும் முறையும் உண்டு.

*திறந்துவைத்துச் சுருக்குவது.* பெரிய கட்டியை ஒரேயடியாக எடுத்தால் பல் வேர்களோ நரம்போ சேதமாகலாம், எலும்பு முறியலாம். எனவே கட்டியில் ஒரு திறப்பு வைத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். உள்ளே அழுத்தம் இல்லையென்றால் கட்டி தானாகச் சுருங்கும், எலும்பு வளரும். ஜெர்மானிய அறுவை சிகிச்சை நிபுணர் கார்ல் பார்ட்ஷ் 1892-ல் எழுதிய முறை இது, இன்றும் பயன்படுகிறது. சிக்கல் என்னவென்றால், மாதக்கணக்கில் அந்தத் திறப்பை நோயாளியே தினமும் உப்புத் தண்ணீரால் கழுவிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பொறுமை வேண்டும். சுருங்கிய பிறகு மிச்சத்தை எடுப்பது எளிது.

கெரட்டோசிஸ்ட் என்றால் கூடுதல் கவனம் தேவை. வெறுமனே எடுத்துவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒன்று திரும்ப வருவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. சுவர் மெல்லியது, எடுக்கும்போது கிழியும். பக்கத்திலேயே குட்டிக் கட்டிகளும் ஒளிந்திருக்கும். அதனால் சுற்றியுள்ள எலும்பையும் கொஞ்சம் தேய்த்து எடுப்பது, மிச்ச செல்களை அழிக்கும் மருந்தை அங்கே தடவுவது போன்றவற்றையும் செய்வார்கள். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளில். ஆனால் 10 ஆண்டுகள் கழித்து வந்ததும் உண்டு. "ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சு, அவ்வளவுதான்" என்று இருந்துவிட முடியாது.

பின்விளைவுகள்? முன்பற்களுக்குப் பின்னால் அறுவை சிகிச்சை செய்தால், மேலண்ணத்தின் முன்பகுதி சில காலம் மரத்துப்போயிருக்கலாம். சைனஸ் பக்கம் செய்திருந்தால், சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரோவில் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. அழுத்தம் கூடினால், வாய்க்கும் சைனஸுக்கும் இடையே ஓட்டை விழுந்துவிடும்.

பத்துமலையில் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்த நேர்ந்துகொண்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதியில் கட்டியோ, ஆறாத அறுவை சிகிச்சைப் புண்ணோ இருந்தால், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தொற்று உள்ள இடத்தில் குத்தினால், அது பரவ வாய்ப்பு உண்டு.

இளவயதிலேயே, ஒன்றுக்கு மேல் வந்தால்?

பதின்ம வயதிலேயே கெரட்டோசிஸ்ட் வந்தாலும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வந்தாலும், மருத்துவர்கள் கோர்லின் நோய்க்குறியைச் சந்தேகிப்பார்கள். ராபர்ட் கோர்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் 1960-ல் விவரித்த மரபணு நோய் இது. பெரும்பாலும் பிடிசிஎச்1 என்ற மரபணுவின் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு.

வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு இந்த நோயில் ஒரு வகைத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே நிறைய வரும், அதைவைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம்மைப் போலக் கருமையான தோல் உள்ளவர்களுக்கு அது குறைவு. எனவே தாடைக் கட்டிதான் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். உள்ளங்கையில் சின்னச் சின்னக் குழிகள், இரண்டாகப் பிரிந்த விலா எலும்பு, அகன்ற நெற்றி ஆகியவை மற்ற அறிகுறிகள். உறுதியானால் குடும்பத்தினரையும் பரிசோதிப்பது அவசியம். கதிர்வீச்சுச் சிகிச்சையை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே போவது?

நேராக நிபுணரிடம் போக வேண்டியதில்லை. முதலில் பக்கத்திலுள்ள அரசு பல் கிளினிக்குக்கோ, பதிவு பெற்ற தனியார் பல் மருத்துவரிடமோ போங்கள். அரசு வெளிநோயாளி பதிவுக் கட்டணம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் தனிக் கட்டணம் உண்டு. சந்தேகம் இருந்தால் அங்கிருந்து 'சூராட் ருஜுக்கான்' எனும் பரிந்துரைக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் போக வேண்டிய இடம், வாய் மற்றும் முக அறுவை சிகிச்சைப் பிரிவு. பலகையில் 'பெடா மூலுட் டான் மக்சிலோஃபேசியல்' என்று இருக்கும். பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ் பகுதியினருக்கு கோலாலம்பூர் மருத்துவமனையும், கிள்ளான் மக்களுக்கு தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், சுங்கை பூலோவிலுள்ள யுஐடிஎம் ஆகியவற்றின் பல் மருத்துவப் புலங்களிலும் நிபுணர்கள் உள்ளனர். மூக்கோரக் கட்டி என்றால் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கும் அனுப்பலாம்.

மலிவு விலை பிரேசஸ் என்று வலைத்தள விளம்பரம் பார்த்து, பதிவில்லாதவர்களிடம் போகாதீர்கள். எக்ஸ்ரே இல்லாமல் பிரேசஸ் மாட்டினால், உள்ளே கட்டி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

எப்போது உடனே போக வேண்டும்?

- இரண்டு வாரத்துக்கு மேலும் குறையாத வீக்கம், வலி இல்லாவிட்டாலும்
- காரணமில்லாமல் பற்கள் ஆடுவது அல்லது இடம் மாறுவது
- முன்பு சரியாக இருந்த பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவது
- உதடு, கன்னம் அல்லது ஈறு மரத்துப்போவது
- ஒரு பக்க மூக்கில் மட்டும் தொடர்ந்து அடைப்பு அல்லது ரத்தம்
- காய்ச்சலுடன் கண் வரை ஏறும் வீக்கம் (இது அவசரம், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்)

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- இந்தப் பல் உயிரோடு இருக்கிறதா? சோதித்துப் பார்த்தீர்களா?
- பல்லை எடுக்காமல், ரூட் கெனால் செய்யாமல் தீர்க்க வழி உண்டா?
- எடுக்கும் கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? அறிக்கையின் நகல் எனக்குக் கிடைக்குமா?
- இது திரும்ப வரும் வகையா? எத்தனை ஆண்டுகள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?

அறிக்கையையும் எக்ஸ்ரே படங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் பார்க்கும்போது, பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரிவது பழைய தழும்பா, புதிய கட்டியா என்று அவரால் சொல்ல முடியும்.